ஏ.ஏ. கூட்டத்தைக் கண்டுபிடிப்பதும் போய் உட்காருவதும்: கடலூர், புதுச்சேரி பக்கம் இருப்பவர்களுக்கு

கேள்வி இதுதான். கடலூர் முதுநகரில் படகு இன்ஜின் மெக்கானிக்காக இருக்கும் ஒரு தம்பி, ஆஸ்பத்திரியில் சேர்ந்து குடியை நிறுத்திவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார். கிளம்பும்போது டாக்டர் "ஏ.ஏ. மீட்டிங் போங்க" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார். ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசி ஒருவருக்கொருவர் உதவிக்கொள்கிற அமைப்பு. எங்கே நடக்கிறது, யாரைக் கேட்பது, போனால் எழுந்து பேசச் சொல்வார்களா, சர்ச்சில் நடக்கிறது என்கிறார்களே மதம் மாற்றப் பார்ப்பார்களா, ஊர்க்காரர் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது, மனைவியும் வரலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். நான் போதை மீட்பு வார்டில் ஆலோசகராகப் பல வருடம் வேலை பார்த்தவள். எனக்குக் குடிப் பழக்கம் இருந்ததில்லை, ஆனால் வெளியாட்களையும் அனுமதிக்கிற ஏ.ஏ. கூட்டங்களில் நிறைய உட்கார்ந்திருக்கிறேன், அங்கே போய்ப் பிழைத்தவர்களையும் போகாமல் திரும்ப வார்டுக்கு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

தம்பி, கூட்டம் எந்தக் கட்டடத்தில் நடக்கிறது என்று தேடுவதற்கு முன்னால், அந்தக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கிற ஒரு ஆளைத் தேடுங்கள். ஒரே ஒரு ஆள், அவருடைய போன் நம்பர், அது போதும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், முகவரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தனியாகக் கிளம்புகிறவர்களில் பலர் கேட் வரைக்கும் போய்விட்டு, உள்ளே நாலு பேர் நிற்பதைப் பார்த்ததும் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள், வருகிற வழியில் கடையும் இருக்கிறது. வாசலில் "வாங்க, உங்களுக்காகத்தான் நிக்கிறேன்" என்று ஒருத்தர் இருந்தால் கால் உள்ளே போய்விடும்.

ஏ.ஏ. தொடங்கியதே இப்படி ஒரு ஆளைத் தேடின கதைதான். 1935 மே மாதம், நியூயார்க்கில் பங்குச் சந்தைத் தொழிலில் இருந்த பில் என்பவர் ஒரு வேலையாக அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தின் அக்ரன் நகரத்துக்குப் போயிருந்தார். குடியை நிறுத்திச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. போன வேலை தோற்றுப்போய் ஓட்டல் வராந்தாவில் தனியாக நிற்கிறார், பக்கத்தில் பாரிலிருந்து சத்தம் வருகிறது. உள்ளே போகாமல் அங்கிருந்த போனை எடுத்து, ஊரில் உள்ள சர்ச் நம்பர்களுக்குக் கூப்பிட்டு, என்னைப் போலக் குடியில் மாட்டின ஒருத்தரோடு நான் பேச வேண்டும், யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறார். சுற்றிச் சுற்றிக் கடைசியில் டாக்டர் பாப் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் கிடைத்தார். கால் மணி நேரம்தான் பேசுவேன் என்று சொல்லிவிட்டு வந்த டாக்டர், ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டார். பில் அவருக்கு எந்தப் புத்தியும் சொல்லவில்லை, தன் கதையைச் சொன்னார், அவ்வளவுதான். டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாள் 1935 ஜூன் 10 என்று சொல்லப்படுகிறது, அந்த நாளைத்தான் ஏ.ஏ. தன் பிறந்த நாளாக வைத்திருக்கிறது. இந்தியாவுக்கு 1957-ல் வந்தது. இப்போது நம் பக்கத்தில் நடக்கிற கூட்டங்கள் வரைக்கும் அதே ஏற்பாடுதான், குடித்தவர் குடித்தவரோடு பேசுவது.

சரி, அந்த ஆளை எங்கே பிடிப்பது? நீங்கள் படுத்திருந்த அதே வார்டுக்கு முதலில் போன் செய்யுங்கள். டாக்டரைக் கேட்க வேண்டாம், அவருக்கு நேரம் இருக்காது. ஸ்டாஃப் நர்ஸையோ ஆலோசகரையோ சமூகப் பணியாளரையோ கேளுங்கள்: "இங்கே ஏ.ஏ.காரங்க வந்து பேஷன்ட்டுகளைப் பார்க்கிறது உண்டா? அவங்கள்ல யாரோட நம்பராவது கிடைக்குமா?" ஏ.ஏ. உறுப்பினர்கள் ஆஸ்பத்திரிகளுக்கு வந்து பேசுவது அந்த அமைப்பின் பழைய வழக்கம், அவர்கள் தாங்கள் குடிக்காமல் இருப்பதற்கே தேவைப்படுகிற வேலை அது. நீங்கள் படுத்திருந்த ஆஸ்பத்திரியில் அந்த வழக்கம் இல்லை என்றால், புதுச்சேரியில் கோரிமேடு ஜிப்மர் மனநலப் பிரிவில் கேட்கலாம். புதுச்சேரி அரசு பொது மருத்துவமனை, கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரத்தில் ராஜா முத்தையாவாக இருந்து இப்போது அரசு மருத்துவக் கல்லூரியாக மாறியிருக்கிற இடம், இங்கெல்லாம் மனநல வெளிநோயாளிப் பிரிவில் விசாரிக்கலாம். வாசலில் நின்று கேட்கக் கூச்சமாக இருந்தால் 14416-க்குப் போன் போடுங்கள். அது மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. போதை மீட்புக்கென்றே இருக்கிற தேசிய எண் 14446.

அப்புறம் இணையத்தில் ஏ.ஏ. இந்தியாவின் தளத்தில் ஊர்வாரியாகக் கூட்டப் பட்டியலும் தொடர்பு எண்களும் இருக்கும், அவர்களுடைய பொது சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அந்தப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பி நேராகக் கிளம்பாதீர்கள். கூட்டங்கள் பெரும்பாலும் கொஞ்ச வாடகைக்குக் கிடைக்கிற பள்ளிக்கூட அறை, சமுதாயக் கூடம், சர்ச்சை ஒட்டின ஹால் என்று ஏதாவது ஒரு இடத்தில் நடக்கும். பரீட்சை வந்தால், திருவிழா வந்தால், சாவி வைத்திருப்பவர் ஊருக்குப் போனால் இடமோ நேரமோ மாறும். பூட்டிய கதவு, புதிதாக வருகிறவரை ரொம்பச் சீக்கிரம் திருப்பி அனுப்பிவிடும். அதனால் போன் செய்து "இந்த வாரம் நடக்குதா, எத்தனை மணிக்கு, நீங்க வருவீங்களா, வாசல்ல நிப்பீங்களா" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். முதல் ஆள் எடுக்கவில்லையென்றால் அடுத்த நம்பர். போனை எடுக்கிறவரிடம் உங்கள் முழுப் பெயர், சாதி, வேலை, எந்தத் தெரு, எதுவும் சொல்லத் தேவையில்லை. குடியை நிறுத்த விரும்புகிறேன் என்று சொன்னால் போதும். ஏ.ஏ.வில் சேர அது ஒன்றுதான் தகுதி என்று அவர்களுடைய மூன்றாவது மரபே சொல்கிறது. மரபு என்று அவர்கள் சொல்வது, ஏ.ஏ. குரூப்புகள் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கான கொள்கைகளை.

போகிற வழியைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூர் ஆலோசகர்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் கூட்டத்துக்குப் போவதென்றால் ஆல்பேட்டை செக்போஸ்ட் தாண்டிப் பெண்ணையாற்றுப் பாலம் ஏறினதும் ரெட்டிச்சாவடி, அப்புறம் முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று போக வேண்டும். எல்லையைத் தாண்டினதும் ரோட்டை ஒட்டிப் பிராந்திக் கடைகள்தான். நம்ம ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர் விலை குறைவு என்று பைக்கை எடுத்துக்கொண்டு போகிற அதே ரோட்டில்தான் நீங்கள் குடிக்காமல் இருப்பதற்காகவும் போக வேண்டியிருக்கிறது. ஆகவே முதல் சில மாதம் பைக் வேண்டாம். பைக் நினைத்த இடத்தில் நிற்கும், பஸ் நிற்காது. பஸ்ஸில் போங்கள், முடிந்தால் யாராவது ஒருவரோடு போங்கள், கையில் போகவர பஸ் காசும் டீக்காசும் மட்டும் இருக்கட்டும். போனில் பணம் அனுப்புகிற வசதி இருக்கிற இந்தக் காலத்தில் பாக்கெட் காலியாக இருந்தாலும் கடைக்காரர் கொடுத்துவிடுவார், அதனால் அந்த ஆப்பைக் கொஞ்ச நாளைக்கு எடுத்துவிடச் சொல்லி நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். கூட்டம் சாயங்காலம் என்றால் கிளம்பும் முன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுங்கள். வேலை முடிந்து பசியோடு, கை கழுவிக்கொண்டு நேராகக் கடைக்குப் போய்ப் பழகின உடம்பு அது. ஆறு, ஆறரைக்கு வருகிற அந்த இழுப்பில் பாதி வெறும் பசி. பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலும் வந்தால் ஜாக்கிரதை என்று ஏ.ஏ.வில் அடிக்கடி சொல்லுவார்கள்.

யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது? இந்தப் பயத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. முதுநகர் மாதிரி இடத்தில் ஒருத்தர் எங்கே போகிறார் என்பது அடுத்த தெருவுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். ஆனால் நீங்கள் குடித்துவிட்டு விழுந்து கிடந்ததையும், மனைவி வந்து தூக்கிப் போனதையும் அதே தெரு பார்த்திருக்கும், அதை மறைக்க இனி எதுவும் இல்லை. கூட்ட அறைக்குள் உங்களைப் பார்க்கிறவர் அங்கே வந்ததற்குக் காரணமும் உங்கள் காரணம்தான். முழுப் பெயர் எழுதுகிற ரிஜிஸ்டர் கிடையாது, அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது அடிப்படை விதி, போட்டோ எடுக்க மாட்டார்கள். அப்படியும் மனது ஒப்பவில்லை என்றால், கடலூர்க்காரர் புதுச்சேரிக் கூட்டத்துக்கும், புதுச்சேரிக்காரர் வேறு ஊர்க் கூட்டத்துக்கும் போகலாம். எந்த ஊர்க்காரரும் எந்தக் கூட்டத்திலும் உட்காரலாம். கொஞ்ச நாளில் பயம் தானாகக் குறையும், பிறகு பக்கத்தில் இருக்கிற கூட்டத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் சேரச் சொன்னால் அவசரப்படாதீர்கள். அங்கே நம்பர் எல்லாருக்கும் தெரியும், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததுதான் பாதிப் பயம், அதனால் விவரமாகச் சொல்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை, சுவரில் பன்னிரண்டு படிகள் (குடியிலிருந்து மீள ஏ.ஏ.வில் ஒவ்வொன்றாகக் கடைப்பிடிக்கிற வழிமுறைகள்) எழுதின பேனர், டீ. பெரும்பாலும் ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம். அன்றைக்கு நடத்துகிறவர் ஏ.ஏ. என்றால் என்ன என்று ஒரு சிறு முன்னுரை வாசிப்பார், ஏதாவது ஒரு பகுதியைப் படிப்பார்கள், அப்புறம் ஒவ்வொருவராக "என் பெயர் இன்னார், நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்துத் தன் கதையைப் பேசுவார்கள். எப்படிக் குடித்தேன், என்ன ஆயிற்று, இப்போது எப்படி இருக்கிறேன், இந்த மூன்றுக்குள்தான் பேச்சு சுற்றும். ஒருத்தர் பேசும்போது குறுக்கே யாரும் பேச மாட்டார்கள், பேசி முடித்ததும் அவருக்கு யாரும் புத்திமதி சொல்லவும் மாட்டார்கள். நம்ம ஊரில் ஒரு ஆண்பிள்ளை தன் தோல்வியைப் பத்துப் பேர் முன்னால் சொல்லி, பதிலுக்கு ஒரு அறிவுரைகூட வாங்காமல் உட்காருகிற இடம் வேறு எது இருக்கிறது என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். உங்கள் முறை வந்தால் "இன்னைக்குக் கேக்கத்தான் வந்திருக்கேன்" என்று சொல்லுங்கள், அடுத்தவருக்குப் போய்விடும். எத்தனை கூட்டம் வேண்டுமானாலும் பேசாமல் இருக்கலாம். குடிநோயாளி என்ற வார்த்தை வாயில் வரவில்லை என்றால் பெயரை மட்டும் சொல்லுங்கள்.

நடுவில் ஒரு பையோ தட்டோ வரும். பத்து ரூபாய், இருபது ரூபாய் போடுவார்கள், இல்லையென்றால் ஒன்றும் போடாமல் அடுத்தவர் கையில் கொடுத்துவிடலாம். கட்டணம், சந்தா எதுவும் கிடையாது. வெளியாள் யாராவது நன்கொடை கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள், வாடகையும் டீயும் அவர்கள் பையிலிருந்தேதான். இதனால்தான் எந்தக் கட்சியும் எந்த டிரஸ்டும் அந்த அறையில் உரிமை கொண்டாட முடிவதில்லை. நான் ஏ.ஏ.வில் ரொம்ப மதிக்கிற விஷயம் இது.

கூட்டத்தில் இரண்டு வகை. ஓபன் மீட்டிங் என்றால் யாரும் வரலாம், மனைவி, அண்ணன், மாணவர்கள், என்னைப் போன்றவர்கள். குளோஸ்டு மீட்டிங் என்றால் குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் மட்டும். போனிலேயே எது என்று கேட்டுக்கொண்டு, முதல் தடவைக்கு மனைவியோடு போக ஓபன் மீட்டிங்காகப் பார்த்துப் போங்கள்.

மதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சர்ச் ஹாலில் நடப்பதற்குக் காரணம் சர்ச்சில் ஹால் இருப்பதுதான், மாலையில் காலியாக இருக்கும், குறைந்த வாடகைக்குக் கொடுப்பார்கள். ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததில்லை. ஆனால் படிகளில் கடவுள் என்ற வார்த்தை வருகிறது, கூட்டத்தில் ஒரு சிறு பிரார்த்தனையும் இருக்கும், அதை மறைத்து உங்களை அனுப்ப எனக்கு இஷ்டமில்லை. "நாம் புரிந்துகொண்டபடி" என்ற கடவுள் அது. முருகனைக் கும்பிடுகிறவரும் மாதாவைக் கும்பிடுகிறவரும் தொழுகைக்குப் போகிறவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். கருப்புச் சட்டைக்காரர் ஒருவர், எனக்கு இந்த அறையில் இருக்கிற இத்தனை பேரும் சேர்ந்ததுதான் என்னைவிடப் பெரிய சக்தி என்று சொல்லிவிட்டுப் பிரார்த்தனை நேரத்தில் சும்மா நிற்பார், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அப்படியும் ஒத்துவரவில்லை என்றால் வேறு வழிகளும் இருக்கின்றன. மனநலப் பிரிவுகளில் நடக்கிற குழு சிகிச்சையைக் கேட்டுப் பாருங்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கின டி.டி.கே. மருத்துவமனை குடும்பத்தையும் சேர்த்தே சிகிச்சைக்குள் கொண்டுவருகிற இடம். 1994-ல் தொடங்கின ஸ்மார்ட் ரெக்கவரி என்ற, கடவுள் பேச்சே இல்லாத முறையும் உண்டு, பெரும்பாலும் ஆங்கிலத்தில் இணையவழியாக நடக்கும்.

இதெல்லாம் வேலை செய்யுமா, சும்மா பேசிக் குடி போகுமா என்று உங்கள் அண்ணன் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து வைத்து அலசிப் பார்க்கிற காக்ரேன் என்ற அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு ஒன்று 2020-ல் வந்தது. 27 ஆய்வுகள், அவற்றில் 10,565 பேர். முழுமையாகக் குடிக்காமல் இருப்பது என்ற அளவுகோலில், ஏ.ஏ. வழியில் முறையாக ஈடுபடுத்துவது மற்ற பெயர் பெற்ற மனநல சிகிச்சை முறைகளுக்குக் குறைந்ததாக இல்லை, பல இடங்களில் கூடுதலாகவே பலன் தந்தது என்றுதான் அதில் கண்டார்கள். போகிற எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் காசில்லாமல் வாழ்நாள் முழுக்கக் கிடைக்கிற ஒன்று இவ்வளவு செய்கிறது என்பது சாதாரணம் இல்லை. உங்கள் அண்ணனுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். நம்ம ஊரில் சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் சொட்டுக்கூடத் தொடாதவர், கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இருந்தவர் எத்தனை பேர்! மாலையைக் கழற்றின அன்றைக்கு ராத்திரியே ஆரம்பித்துவிடுவார்கள். நிறுத்துவது அவர்களுக்குத் தெரிகிறது, நிறுத்தின பிறகு மறுபடி தொடாமல் நாட்களைக் கடத்துவதுதான் தெரியவில்லை. கூட்டம் அதற்குத்தான். "இன்று ஒரு நாள் மட்டும்" என்று அங்கே சொல்வது, இனிமேல் சாகும்வரை குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்து உடைத்தவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

ஆரம்பத்தில் 90 நாளில் 90 கூட்டம் என்று சொல்வார்கள். பெரிய நகரத்தில் முடியும், நம் பக்கத்தில் தினம் ஒரு கூட்டம் கிடைப்பது கஷ்டம். அதற்காக விட்டுவிடாதீர்கள். நேரில் போக முடிகிற நாளில் நேரில் போங்கள், மற்ற நாளில் ஜூமில் தமிழிலேயே நடக்கிற கூட்டங்களில் உட்காருங்கள், 2020 ஊரடங்குக்குப் பிறகு அவை நிறைய வந்துவிட்டன. வீடியோவை அணைத்து வைக்கலாம். இரண்டும் இல்லாத நாளில் ஒரு உறுப்பினருக்குப் போன். படகுக்காரர் வேலை முடிந்து சந்தோஷத்தில் பாட்டிலை நீட்டுகிற நாள், சாவு வீடு, கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, ஆற்றுத் திருவிழா, தேவனாம்பட்டினத்தில் மாசி மகம், இந்த நாட்களை முன்கூட்டியே காலண்டரில் குறித்து வைத்து, அன்றைக்கு யாருக்குப் போன் செய்வது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். வாயில் வைத்த பிறகு போன் செய்கிறவர் குறைவு, வைக்கும் முன் செய்கிறவர்தான் தப்பிக்கிறார்.

கொஞ்ச நாள் போனதும் ஸ்பான்சர் என்று ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். சில வருடமாகக் குடிக்காமல் இருக்கிற, படிகளை உங்களோடு உட்கார்ந்து பார்க்கிற மூத்த உறுப்பினர். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது வழக்கம். ரொம்ப நன்றாகப் பேசுகிறவரைத் தேடாதீர்கள், போன் செய்தால் எடுக்கிறவரைத் தேடுங்கள். கடன் கேட்கிறவர், சீட்டுப் பிடிக்கச் சொல்கிறவர், பாலிசி விற்கிறவர் யாராவது வந்தால் தள்ளி உட்காருங்கள். கூட்டத்துக்கு வருகிறவர்களும் மனிதர்கள்தான், எல்லோரும் ஒரே மாதிரி இருக்கமாட்டார்கள். ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் ஏ.ஏ.வே பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாமல் இரண்டு மூன்று வேறு கூட்டங்களைப் பாருங்கள்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். கூட்டத்தில் யாராவது பழைய ஆள் "அதெல்லாம் எதுக்கு, எல்லாத்தையும் நிறுத்து" என்று சொன்னால் கேட்காதீர்கள். எந்த உறுப்பினரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏ.ஏ.வின் சொந்தப் பிரசுரமே சொல்கிறது. குடிக்கிற ஆசையைக் குறைக்கக் கொடுக்கிற நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட், மன அழுத்தத்துக்கான மாத்திரை, எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

அதோடு, உங்கள் மனைவிக்கும் உங்களைப் போல வீட்டில் ஒருவரை வைத்திருக்கிற எல்லோருக்கும்: டைசல்ஃபிரம் மாத்திரையைக் குழம்பிலோ மோரிலோ ரகசியமாகக் கலந்து கொடுக்காதீர்கள். "தெரியாமக் கொடுத்தா குடியை விட்டுடுவார்" என்று சொல்லி விற்கிற மருந்துகளையும் வாங்காதீர்கள். டைசல்ஃபிரம் உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கி, சிலருக்கு உயிரே போகும். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து இருக்கும். எடுத்துக்கொள்கிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் இதயம், கல்லீரல் எல்லாம் பார்த்துக் கொடுத்தால்தான் அது மருந்து.

மறுபடி குடித்துவிட்டால்? அங்கே அதை ஸ்லிப் என்பார்கள். அடுத்த கூட்டத்துக்கே திரும்பிப் போங்கள், வெளியே அனுப்பமாட்டார்கள். அன்றைக்குக் குடித்திருந்தாலும் அமைதியாக உட்கார்ந்தால் பொதுவாக உட்காரவிடுவார்கள். ஆனால் ஒரு வாரம், பத்து நாள் தொடர்ந்து குடித்துவிட்டால் நீங்களாகவே வீட்டில் சட்டென்று நிறுத்தாதீர்கள், கூட்டத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி. நிறுத்தின சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை ஆரம்பிக்கும், முதல் இரண்டு நாளுக்குள் ஃபிட்ஸ் வரலாம், இரண்டிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்கு இல்லாத ஆள் தெரிவது, இல்லாத சத்தம் கேட்பது, ஆள் அடையாளம் தெரியாமல் போவது என்று முற்றிவிடும். "பேய் பிடிச்சிடுச்சு" என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போய், வழியிலேயே இறந்தவர்கள் உண்டு. அது மருத்துவ அவசரம், 108-ஐக் கூப்பிட வேண்டும். தயமின் (வைட்டமின் பி1) ஊசி, நடுக்கத்துக்கான மாத்திரை என்று முறையாகக் கொடுத்தால் சரியாகிவிடுகிற விஷயம். முன்பு ஒரு தடவை ஃபிட்ஸ் வந்தவருக்கு அடுத்த தடவை வரும் வாய்ப்பு அதிகம் என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள்.

மனைவி உங்களோடு வருவது ஒரு பக்கம் இருக்கட்டும், அவருக்கென்று தனிக் கூட்டம் இருக்கிறது. அல்-அனான் என்று பெயர், குடிக்கிறவர்களின் வீட்டாருக்காக 1951-ல் தொடங்கியது. நம் வீட்டுப் பெண்கள் இதைத்தான் ரொம்பத் தள்ளிப்போடுகிறார்கள், "குடிக்கிறது அவர், நான் எதுக்கு மீட்டிங் போகணும்" என்று. உங்கள் மனைவி எத்தனை வருடமாக முதலாளிக்குப் போன் போட்டு "அவருக்குக் காய்ச்சல்" என்று சொல்லியிருப்பார், எத்தனை தடவை பர்ஸை எண்ணிப் பார்த்திருப்பார், நீங்கள் கதவைத் தட்டுகிற சத்தத்தை வைத்தே எவ்வளவு குடித்திருக்கிறீர்கள் என்று கணக்குப் போட்டிருப்பார். நீங்கள் குடியை நிறுத்தின மறுநாளே அந்தப் பழக்கம் அவருக்கு நின்றுவிடாது. இன்னும் வாயை மோந்து பார்ப்பார், அது உங்களுக்குக் கோபத்தைக் கிளப்பும். அவர் மேல் தப்பில்லை. இந்தக் குடியை நான் உண்டாக்கவில்லை, என்னால் அடக்கவும் முடியாது, என்னால் குணப்படுத்தவும் முடியாது என்று அங்கே கற்றுக்கொள்வார்கள். அதைக் கேட்டு அழாத பெண்ணை நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் பதின்ம வயதில் இருந்தால் அவர்களுக்கு அலட்டீன் என்று இருக்கிறது. பக்கத்தில் நேரடிக் கூட்டம் இல்லையென்றால் அல்-அனானிலும் இணையவழிக் கூட்டம் கேளுங்கள். நீங்கள் ஏ.ஏ.வை விட்டுவிட்டாலும் அவர் அல்-அனானை விட வேண்டியதில்லை, இரண்டும் வேறு வேறு. இதைப் படிக்கிற பெண்களில் நீங்களே குடிப் பிரச்சினையில் இருக்கிறவர்கள் இருந்தால், உங்களுக்கு இணையத்தில் பெண்கள் மட்டும் வருகிற ஏ.ஏ. கூட்டங்கள் உண்டு, ஆண்கள் நிறைந்த அறைக்குத்தான் போயாக வேண்டும் என்று இல்லை.

கட்டி வைத்து அடிக்கிற "மறுவாழ்வு இல்லங்கள்" பற்றியும் ஒரு வார்த்தை, உங்கள் மாமனார் அங்கே சேர்க்கலாம் என்று சொன்னதாக எழுதியிருந்ததால். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மது, போதைப் பழக்கத்தோடு வருகிற மனநிலைப் பாதிப்புகளும் சேர்த்தி, அப்படிச் சிகிச்சை தருகிற இடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், மனநல மருத்துவர் எந்த நாள் வருகிறார் என்று கேளுங்கள், வீட்டார் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். இந்த மூன்றில் ஒன்றுக்குத் தடுமாறினாலும் வேண்டாம்.

கடைசியாக, தேடிப் பார்த்தும் முதுநகர் பக்கம் உங்கள் வேலை நேரத்துக்கு ஒத்துவருகிற கூட்டம் இல்லை என்றால்: இரண்டு மூன்று குடிநோயாளிகள் குடிக்காமல் இருப்பதற்காகச் சேர்ந்து உட்கார்ந்தால் அதுவே ஒரு ஏ.ஏ. குரூப் என்று அவர்களுடைய மரபு சொல்கிறது. இப்போதே ஆரம்பிக்கச் சொல்லவில்லை, முதலில் ஒரு வருடமாவது நடந்துகொண்டிருக்கிற கூட்டத்தில் உட்காருங்கள். அப்புறம் வார்டிலிருந்து வருகிற ஒருத்தர், உங்கள் ஸ்பான்சர், நீங்கள், மூன்று பேர் போதும். ராத்திரி ஏழரைக்கு மேல் ஒரு டியூஷன் சென்டர் அறை கிடைத்தால் வாடகை பேசுங்கள், பூட்டுக்கு இரண்டு சாவி போட்டு இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள், ஆஸ்பத்திரி மனநலப் பிரிவின் நோட்டீஸ் போர்டில் கிழமையும் நேரமும் ஒரு போன் நம்பரும் எழுதி ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். யாரும் வராத வாரத்திலும் அறையைத் திறந்து அந்த ஒரு மணி நேரம் உட்கார்ந்திருங்கள்.